நத்தார்க் கேக்கும் நம் நாட்டுக் கறுவாவும்

நத்தார்ப் பண்டிகை நெருங்குங்கால், "கேக்கு மேனாட்டார் பண்டமாயிற்றே, நமக்கும் அதற்கும் யாது உறவு?" என்று மாணவர் என்னை வினவுவதுண்டு. உறவு உண்டு. அதனைச் செருமானியரின் அப்பிள் கேக்கு ஒன்றைக் கொண்டே காட்டலாம்.

முதலிற் செய்முறை காண்போம். சற்றே புளிப்புடைய அப்பிள் நான்கினைத் தோல் சீவி, நான்காகப் பிளந்து, விதை நீக்கி, முதுகிலே நெருக்கமாகக் கீறுக. வெண்ணெயும் சீனியும் வகைக்கு 125 கிராம் எடுத்து நுரைக்க அடித்து, முட்டை மூன்றினை ஒவ்வொன்றாய்ச் சேர்க்க. கோதுமை மா 200 கிராம், பேக்கிங் பவுடர் இரண்டு தேக்கரண்டி, கறுவாத்தூள் ஒரு தேக்கரண்டி, கராம்புத்தூள், சாதிக்காய்த்தூள் ஒவ்வொரு சிட்டிகை ஆகியவற்றைக் கலந்து தட்டில் ஊற்றி, அப்பிளை மேலே பதிக்க. 180 பாகை வெப்பத்தில் முக்கால் மணி நேரம் வேகவேண்டும். ஈர்க்கினாற் குத்தினால் மா ஒட்டலாகாது. மா பொங்கிப் பழத்தைச் சூழ்தலின், 'அமிழ்ந்த அப்பிள் கேக்கு' என்பது செருமானியர் இட்ட பெயர்.

இனி இப்பொருள்களின் பிறப்பிடம் நோக்குக. அப்பிள் குளிர்நாட்டுக் கனி; கோதுமையும் கப்பலில் வருவதே. எனினும் அக்கோதுமை மாவாவது எங்கள் சீனன்குடாவில். 1980 முதல் இங்கே பிரிமா மாவாலை இயங்கி வருகின்றது. கராம்பும் சாதிக்காயும் மலுக்குத் தீவுகளுக்கு உரியன. கறுவாவோ இலங்கையின் சொந்த மரம். அதன் வாணிகத்தை விழைந்தே ஒல்லாந்தர் போர்த்துக்கேயரோடு பொருதனர். 1639இல் திருகோணமலைக் கோட்டையையும் 1656இல் கொழும்பையும் கைப்பற்றினர். ஐரோப்பியரின் பண்டிகைப் பலகாரம் மணக்க, இத்தீவின் கரையிலே குருதி சிந்திற்று.

கடைகளிற் கறுவா என விற்பன யாவும் கறுவா அல்ல. காசியா எனும் சீனக்கறுவாவின் பட்டை தடித்தது, வன்மையானது; ஒற்றைச் சுருளாய் இருக்கும். நம் கறுவா தாள்போல் மெல்லியது. பல அடுக்காய்ச் சுருண்டு கையால் நொறுங்குவது. காசியாவில் மிகுந்துள்ள கூமரின் எனும் பொருள் அளவு மீறின் ஈரலைத் தாக்கும். 2006இல் செருமானிய அரசின் இடர் மதிப்பீட்டு நிறுவனமே நத்தார்ப் பலகாரங்களைக் குறித்து இவ்வெச்சரிக்கையை விடுத்தது. நம் கறுவாவிலோ அது மிகச் சிறிதே. மேனாட்டுப் பலகாரத்தைப் பழுதறச் செய்தற்கு ஈழத்துப் பட்டை வேண்டியிருத்தல் எண்ணி மகிழத்தக்கதன்றோ!

சொற்களும் இவ்வாறே கடல் கடந்தன. நத்தார், போறணை, விசுக்கோத்து ஆகிய மூன்றும் போர்த்துக்கேயர் தந்தவை. ஆங்கிலரின் 'கேக்' என்பதும் செருமானியரின் 'கூகன்' என்பதும் ஒரு குலத்துச் சொற்களே. வந்த சொல்லைத் தமிழோசைக்கு இசைவித்து ஏற்றனர் நம் முன்னோர்.

பண்டத்தையும் அவ்வாறே ஏற்றனர் இந்நாட்டார். ஈழத்து நத்தார்க் கேக்கில் மாவுக்கு ஈடாக ரவை. வாதுமைக்கு ஈடாக முந்திரிப் பருப்பு. பனிநீரும் ஏலமும் மணத்துக்கு. அப்பிளுக்கு அங்கே இடமில்லை. சீனிப்பாகில் ஊறிய நீற்றுப்பூசணி வந்து அமர்ந்துள்ளது. கறுவா மாத்திரம் மாறவில்லை. அது மாறவேண்டிய தேவையும் இல்லை. பிறர் பண்டத்தை விரும்பி உண்பது இழுக்கன்று. அதிலுள்ள நம் பங்கினை அறியாது உண்பதே இழுக்கு.