பூமிக்கடியில் ஒரு நெடுஞ்சாலை



சுடுவதும் துரத்துவதும் இல்லாமல், வாசித்தும் பதில்களைத் தேர்ந்தெடுத்தும் கதைக்குள் நடந்து செல்லும் கணினி விளையாட்டுகள் உண்டு. அவற்றில் கனவுபோல விரிவது ‘கென்டக்கி ரூட் ஜீரோ’. அமெரிக்காவின் கார்ட்போர்டு கம்ப்யூட்டர் குழு இதை 2013 முதல் 2020 வரை ஐந்து அங்கங்களாக வெளியிட்டது.

பழம்பொருள் கடைக்கு லாரி ஓட்டும் கான்வே, கடைசிச் சரக்கை ஒரு முகவரியில் சேர்க்க வேண்டும். வழியோ பூமிக்கடியில் ஓடும் மர்ம நெடுஞ்சாலை. அங்கே ஓர் அலுவலகத்தின் ஒரு மாடி முழுக்கக் கரடிகள். ஒரு சிறுவன் பெரிய கழுகொன்றைத் தன் சகோதரன் என்கிறான். சாராய ஆலையில் ஒளிரும் எலும்புக்கூடுகள் உழைக்கின்றன.

இவை வெறும் விசித்திரங்கள் அல்ல. கடன் மனிதரை எப்படி விழுங்குகிறது என்பதையே அந்த எலும்புக்கூடுகள் காட்டுகின்றன. நம் தேர்வுகள் கதையின் முடிவை மாற்றுவதில்லை; கான்வே எதை நினைவில் வைத்திருக்கிறான், அவனுடைய நாயின் பெயர் என்ன என்பதைத் தீர்மானிக்கின்றன.

இந்த விளையாட்டின் பெயரிலுள்ள கென்டக்கி மாநிலத்துக்கும் எழுத்து விளையாட்டுகளுக்கும் பழைய தொடர்பு உண்டு. அங்குள்ள மாமத் குகை, உலகின் மிக நீளமான குகை. அதன் ஒரு பகுதியை மாதிரியாக வைத்தே 1970களில் வில் க்ரௌதர் ‘கொலோசல் கேவ் அட்வென்ச்சர்’ என்ற முன்னோடி எழுத்து விளையாட்டைப் படைத்தார்.

கதை கேட்கப் பிடித்தவர்கள் விளையாட்டுகளையும் வாசித்துப் பாருங்கள்.