புறக்கோட்டைச் சரக்கும் வீட்டுத் துப்புரவும்

கொழும்புப் புறக்கோட்டையிலே ஐந்தாங் குறுக்குத்தெருவிலும் அதன் அயலிலுள்ள கபோஸ் ஒழுங்கையிலும் செல்வோர், கொத்தமல்லி, கறுவா, வேர்க்கொம்பு முதலியவற்றின் மணத்தைக் கடந்தே செல்லல் வேண்டும். அங்குள்ள மருந்துச் சரக்குக் கடைகளில் விற்கப்படும் பொருள்களுள் சுருங்கிய தோலும் பழுப்பு நிறமும் உடைய காய் ஒன்று உண்டு. அதுவே பூந்திக்கொட்டை. சிங்கள மக்கள் அதனைப் ‘பெனெல’ என்பர். ஆடை வெளுத்தற்கும் தலை முழுகுதற்கும் நம் முன்னோர் அதனைக் கையாண்டனர். பொன் நகைகளை அதன் நீரில் இட்டுத் துலக்குதல் பொற்கொல்லர் மரபு. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே சவர்க்காரத்தின் விலை மளமளவென ஏறியபோது, இத்தகைய பழம் பொருள்களின் நினைவு நம்மவர் பலருக்கு மீண்டும் வந்தது. அவை எவ்வாறு தொழிற்படுகின்றன, எவற்றுக்கு உதவா என்பவற்றைக் கல்லூரியிற் கற்ற இரசாயனத்தின் துணைகொண்டு ஈண்டு ஆராய்வாம்.

பூந்திக்கொட்டையிற் பயன்படுவது உள்ளிருக்கும் கரிய விதையன்று, அதனைப் போர்த்த தோலேயாம். அத்தோலிலே சப்போனின் எனும் பொருள் உளது. அதன் மூலக்கூற்றின் ஒரு பகுதி நீரை நாடும். மற்றொரு பகுதி எண்ணெயை நாடும். ஆகவே அது எண்ணெய்ப் பிசுக்கைப் பற்றி நீரோடு சேர்த்துக் கொண்டு போகின்றது. சவர்க்காரம் செய்வதும் இதுவேயெனினும், இரண்டற்கும் ஒரு வேற்றுமை உண்டு. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணக்கல்லினூடு ஊறி வருவதாதலின் வன்னீராகும். அந்நீரிற் சவர்க்காரம் எளிதில் நுரையாது. வெண்ணிறப் படிவாய்த் திரண்டு துணியில் ஒட்டும். பூந்திக்கொட்டையோ அந்நீரிலும் நுரைக்கும். களனி கங்கையினின்றும் லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களினின்றும் குழாய்வழி வரும் மென்னீரைப் பழகிய கொழும்புவாசிகளுக்கு இவ்வருமை புலப்படாது. ஊருக்குச் சென்று துணி தோய்த்தவர் அறிவர்.

செய்முறை எளிது. பத்துப் பன்னிரண்டு காய்களை உடைத்து விதை நீக்கி, ஒரு லீற்றர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, மறுநாள் கால்மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறியபின் பிசைந்து வடித்துக்கொள்க. கோப்பை கழுவவும் நிலந் துடைக்கவும் மென்றுணி தோய்க்கவும் இந்நீர் போதும். மூன்று நான்கு நாளிற் புளித்துவிடுமாதலின் வேண்டிய அளவே ஆக்குதல் நன்று. கண்ணிற் பட்டால் கடுமையாக எரிக்கும்; இயற்கைப் பொருள் யாவும் தீங்கற்றவை என்று எண்ணுதல் பேதைமை. மீன் பிடிப்போர் சிலர் இக்காயைக் குளத்திலிட்டு மீனை மயக்குவர் என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது.

இனி, உலோகம். ஆடிவேல் காலத்திலே குத்துவிளக்கையும் பித்தளைச் செம்பையும் பழப்புளி கொண்டு மினுக்குதல் செட்டியார் தெரு முதல் வெள்ளவத்தை வரை உள்ள இல்லங்களிற் கண்ட காட்சி. பித்தளையின் கறுப்பு, செம்பின் ஒட்சைட்டு. புளியிலுள்ள தாத்தாரிக்கமிலம் அதனைக் கரைக்கின்றது. உடன் சேர்க்கும் உப்பு அத்தொழிலை விரைவுபடுத்தும். தேசிக்காயின் சித்திரிக்கமிலமும் அவ்வாறே. தேய்த்தபின் நன்றாகக் கழுவி ஈரம் போகத் துடையாவிடின் பச்சைக் களிம்பு ஏறும். கேத்தலின் அடியிற் படியும் வெண்கட்டி கல்சியங்காபனேற்று; வினாகிரியும் நீரும் சமமாய்க் கலந்து ஊற்றி ஒரு மணி நேரம் விட்டால் அது கரையும். ஆயின், முத்தும் சலவைக்கல்லும் அதே கல்சியங்காபனேற்றே. முத்துப் பதித்த தோட்டைத் தேசிச்சாற்றில் இடுதல் முத்தையே கரைப்பதாகும். பழைய வீடுகளின் சிவப்புச் சீமெந்து நிலத்துக்கும் புளிப்பு ஆகாது.

அடுப்படி எண்ணெய்ப் பிசுக்குக்கு அப்பச்சோடாவைச் சிறிது நீரிற் குழைத்துப் பூசி, கால்மணி நேரத்தின்பின் தும்பினாற் தேய்த்தால் போதும். அச்சோடாவையும் வினாகிரியையும் ஒருங்கே கலக்குமாறு இக்காலத்திற் பலர் கூறுகின்றனர். காபனீரொட்சைட்டு பொங்கி எழுவது கண்ணுக்கு இனிமையே. ஆயின் அமிலமும் காரமும் ஒன்றையொன்று நடுநிலையாக்க, எஞ்சுவது பெரும்பாலும் உப்புக் கரைந்த நீரன்றோ?

அக்கலவை பயனற்றதேயன்றி ஆபத்தானதன்று. உயிருக்கு உலை வைக்கும் கலவை வேறு. வெளிற்றும் தூளையோ வெளிற்றும் திரவத்தையோ, மலசலகூடம் கழுவும் அமிலத்தோடு சேர்த்தால் குளோரீன் வாயு வெளிப்படும். 1774இல் சீலே என்பார் முதன்முதல் ஆக்கிய இவ்வாயுவே 1915இல் ஈப்பர் போர்க்களத்தில் நச்சுவாயுவாகப் பயன்பட்டது. தேசிச்சாறும் வினாகிரியும் அமிலங்களேயாதலின் அவற்றையும் வெளிற்றும் திரவத்தோடு சேர்த்தல் ஆகாது. முற்றமும் தாழ்வாரமும் இருந்த வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வீடுகள் பல இன்று அடுக்குமாடிகளாய் மாறிவிட்டன. அவற்றின் குளியலறைச் சாளரமோ ஒரு முழமும் இராது. அங்கே இவ்வாயு எழுந்தால் எங்கே போகும்? மூக்கெரிவும் இருமலும் தோன்றிய உடனே, வாளியை அப்படியே விட்டு வெளியேறி நற்காற்றை அடைதல் வேண்டும். மூச்சுத்திணறல் நீடிப்பின் வைத்தியசாலைக்குச் செல்லத் தாமதியாதீர்.

இவ்வளவு கூறியது வெளிற்றும் திரவத்தை வீட்டைவிட்டு ஓட்டுதற்கன்று. புளியும் பூந்திக்கொட்டையும் அழுக்கை நீக்குமேயன்றி நோய்க்கிருமிகளை உறுதியாகக் கொல்லும் என நம்பலாகாது. மஞ்சள் நீரும் வேப்பிலையும் அத்தன்மையனவே. வீட்டில் வயிற்றோட்டமோ வாந்தியோ கண்டவிடத்து, முதலில் சவர்க்கார நீராற் கழுவி, பின்னர் வெளிற்றும் திரவத்தைத் தனியே தண்ணீரிற் கலந்து துடைத்தல் வேண்டும். 2020இல் கொரோனாத் தொற்றின்போது உலகச் சுகாதார நிறுவனம் மேற்பரப்புகளுக்கு விதந்துரைத்த செறிவு நூற்றுக்கு 0.1 பங்கு குளோரீன். அதனினும் கூட்டினால் மூக்கெரிவே மிஞ்சும்.

வடித்த பூந்திக்கொட்டை நீர் பார்வைக்குத் தேநீர் போன்றது. அதனையோ வேறு எத்திரவத்தையோ வெற்றுச் சோடாப் போத்தலில் ஊற்றிவைத்தல் கூடாது. தண்ணீரென எண்ணி மண்ணெண்ணெயைக் குடித்த பிள்ளைகள் நம் நாட்டு வைத்தியசாலைகளுக்குப் புதியவரல்லர். அகன்ற வாயுள்ள ஒரு சாடியில் ஊற்றி, பெயரெழுதி ஒட்டி, பிள்ளைகளின் கைக்கு எட்டாத தட்டில் வைக்க.