பழைய தோற்றமும் புதிய இயந்திரமும்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதியில், முரசுமோட்டையைக் கடந்து போவோர் மாலை வேளையில் ஒரு காட்சியைக் காண்பர். பின்னால் ஒரு நெல் மூட்டையும் முன்னால் ஒரு சிறுவனுமாக, சிறிய சில்லுகளையுடைய மோட்டார் சைக்கிள் ஒன்று வயலோரமாக ஊர்ந்து செல்லும். அதன் பெயர் ஹொண்டா எம்.டி. 90. வன்னியில் அதனை அறியாதார் இலர். மேற்பூச்சு உரிந்த இடங்களில் உள்ளே சிவப்பு நிறம் தெரியுமாயின் வியப்படைய வேண்டியதில்லை. யப்பானியத் தபாற்காரர்களுக்கென்றே செய்யப்பட்ட வண்டி அது. அங்கே கடிதம் சுமந்து ஓய்ந்தபின் கப்பலேறி வந்து, இங்கே நெல் சுமக்கின்றது.

அண்மையில், எம்மிடம் உயர்தரம் கற்கும் மாணவன் ஒருவன் தன் கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். கனடாவிலுள்ள அவனுடைய மாமனார் புதிதாக வாங்கிய வண்டியின் படம் அது. "சேர், மாமாவின்ரை வண்டியும் எங்கடை அப்பாவின்ரை வண்டியும் ஒரே சாதி போலக் கிடக்குது. இதிலே எது திறம்?" என்று கேட்டான். ஒரு வார்த்தையில் விடை சொல்ல எம்மால் இயலவில்லை. அவனுக்குக் கூறிய விடையையே இங்கு விரித்து எழுதுகின்றோம்.

இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதில் ஐயமில்லை. அக்குடும்பத்தின் மூதாதை 1958 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் பிறந்த 'சூப்பர் கப்' சி. 100 என்னும் வண்டி. 'கப்' என்றால் ஆங்கிலத்தில் கரடி, சிங்கம் முதலியவற்றின் குட்டி என்று பொருள். சொய்ச்சிரோ ஹொண்டா என்னும் பொறியியல் மேதையும், அவருடைய கூட்டாளியாகிய தக்கேயோ ஃபுஜிசாவா என்னும் வணிக மேதையும் சேர்ந்து அதனை உருவாக்கினர். உணவுக் கடைப் பையன் ஒரு கையில் உணவுத் தட்டை ஏந்திக்கொண்டு மறு கையால் ஓட்டக்கூடியதாக வண்டி இருத்தல் வேண்டும் என்பது அவர்களின் நோக்கம். ஆகவே இடக்கைக் கிளச்சை நீக்கினர். இயந்திரம் விரைந்து சுழலும்போது சில பாரங்கள் வெளிநோக்கி வீசப்பட்டுக் கிளச் தானாகவே பற்றிக்கொள்ளும். வேகம் தணிந்தால் தானாகவே விட்டுவிடும். சேலை உடுத்த பெண்களும் ஏறி அமர்வதற்கு ஏற்ப நடுப்பாகம் தாழ்ந்திருந்தது. 2017 ஆம் ஆண்டில் இக்குடும்பத்து வண்டிகளின் தொகை பத்துக் கோடியை எட்டியது. எம்.டி. 90 என்பது 1971 ஆம் ஆண்டில் தபாற் சேவைக்கென வெளிவந்த கிளையாகும்.

கனடாவில் உள்ளது 2018 ஆம் ஆண்டில் அறிமுகமான சூப்பர் கப் சி. 125. இதன் விசேஷம் யாதெனில், அறுபது ஆண்டுகளுக்கு முற்பட்ட மூதாதையின் முகத்தை வேண்டுமென்றே பூண்டு வந்திருப்பதுதான். பறவையின் சிறகுபோல் விரிந்த கைப்பிடியும், வளைந்து இறங்கும் உடலும் சி. 100ஐ நினைவூட்டுமாறு அமைக்கப்பட்டவை. ஆனால் தோலை நீக்கிப் பார்த்தால் உள்ளே வேறொரு பிராணி இருக்கின்றது. மூதாதையின் இயந்திரம் 49 சி.சி.; பேரனுடையது 124 சி.சி. மூதாதையின் நிறை 55 கிலோ. பேரனின் நிறை ஏறக்குறைய அதன் இருமடங்கு. அன்று கியர் மூன்று, இன்று நான்கு. அன்று காலால் உதைத்து உயிர்ப்பித்தனர். இன்று திறப்பைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே, விரலால் ஒரு பொத்தானை அழுத்தினாற் போதும்.

பிறேக்கை எடுத்துக்கொள்வோம். எம்.டி. 90இன் பிறேக் சில்லின் நடுவேயுள்ள உருளைக்குள் அடங்கியது. மாரி காலத்தில் வெள்ளம் ஓடும் பாதையைக் கடந்தபின், உள்ளே நீர் புகுந்து, பிறேக் சிறிது நேரம் சொற்கேளாத பிள்ளையாகிவிடுவதை ஓட்டியோர் அறிவர். புதிய வண்டியின் முன்சில்லில் வெளியே தெரியும் தட்டுப் பிறேக் உண்டு, நீர் விரைவில் சிதறிவிடும், பிடியும் உறுதியானது. பிள்ளையை முன்னே இருத்திச் செல்லும் தந்தைக்கு இது சிறு விஷயம் அன்று.

அடுத்தது எரிபொருள். பழைய வண்டியிலே காபரேற்றர் என்னும் சிறு பாத்திரம் உண்டு. இயந்திரம் காற்றை உறிஞ்சும்போது, அக்காற்றின் இழுப்பினால் ஊசித் துவாரமொன்றின் வழியாகப் பெற்றோல் மேலெழுந்து காற்றுடன் கலக்கும். கணக்கு அண்ணளவானது, ஆகவே சில வேளைகளில் எரிபொருள் வீணாகும், புகை மிகும். புதிய வண்டியில் காற்றின் அமுக்கத்தையும் வெப்பத்தையும், இயந்திரத்தின் சுழற்சியையும் சிறு உணரிகள் அளந்து சொல்ல, ஒரு கணினி கணக்கிட்டு, விநாடியின் மிகச் சிறு கூறுகளில் பெற்றோலைப் பீச்சுகின்றது. வெளியேறும் புகையையும் சோதித்துத் தன் கணக்கைத் தானே திருத்திக்கொள்கின்றது. காற்று மாசடைதலைத் தடுக்கும் சட்டங்கள் கடுமையாகிவிட்ட இக்காலத்தில் வேறு வழியும் இல்லை. அச்சட்டங்களின் காரணமாகவே யப்பானில் 50 சி.சி. சூப்பர் கப்பின் உற்பத்தி 2025 ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்தது.

இதுவரை கூறியவற்றை நோக்கின் புதியதே சிறந்தது என்று எவரும் தீர்ப்புக் கூறுவர். நாமும் அவ்வாறே கூறியிருப்போம், வன்னியிலே வளராதிருந்தால்.

1990 ஆம் ஆண்டின் பின்னர், 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்தம் வரையில், பெற்றோல் இங்கு தடைசெய்யப்பட்ட பொருள்களில் ஒன்றாய் இருந்தது. அக்காலத்தில் மாணவராயிருந்த நாம் எம் தந்தையாரின் எம்.டி. 90 ஓடிய விதத்தை நாள்தோறும் கண்டோம். தாங்கியில் மண்ணெண்ணெய். சிறு போத்தல் ஒன்றிலே பொன்போலப் பாதுகாத்த பெற்றோல். அதில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு உதைப்பார். இயந்திரம் சூடேறியபின், எளிதில் ஆவியாகாத மண்ணெண்ணெயும் எரியத் தொடங்கும். வெண்புகை வீதியை மறைக்கும். பிளக்கிலே கரி படியும். இயந்திரம் 'கணகண'வென்று தட்டும். வீதியோரத்தில் பிளக்கைக் கழற்றித் துடைத்து மீண்டும் பூட்டுவதற்கு அவருக்கு ஐந்து நிமிடம் போதும். நோயாளியும் ஆசிரியரும் மீனும் விறகும் அவ்வாறே பயணஞ் செய்தன. 2009 ஆம் ஆண்டு தை மாதத்தில் இப்பகுதி மக்கள் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்தபோது, குடும்பங்களின் கடைசி மூட்டைகளைச் சுமந்தவற்றுள் இவ்வண்டிகளும் இருந்தன. எம்முடைய வண்டி திரும்பி வரவில்லை.

கணினி பொருந்திய புதிய வண்டியிலே அந்த வித்தை செல்லாது. பழுது நேர்ந்தால், அதனைக் கண்டறியும் கருவி உள்ள இடத்துக்கு வண்டியை ஏற்றிச் செல்லவேண்டும். இது போர்க்காலத்துக் கதை மட்டும் அன்று. 2022 ஆம் ஆண்டில் நாடு முழுவதும் எரிபொருளின்றித் தவித்தபோது, மோட்டார் சைக்கிளுக்கு வாரமொன்றுக்கு நான்கு லீற்றர் என்றே பங்கீடு தொடங்கியது. 2020 முதல் 2025 வரை வாகன இறக்குமதியும் தடைப்பட்டிருந்தது. அக்காலத்தில் பழைய வண்டிகளை ஓடவைத்தவை ஊர்க் கராஜுகளும், அங்குள்ளோரின் கைகளுமே.

ஆகவே மாணவனுக்கு நாம் கூறிய விடை இதுதான்: "ஓடுவதற்குப் புதியது திறம், ஓடவைப்பதற்குப் பழையது திறம்." பழைய வண்டியின் முகத்தைப் புதியதில் வரைந்துவிட்டனர். ஆனால் அம்முகத்தை நாம் நேசித்தது அழகுக்காக மட்டும் அன்று. உடையவனே திறந்து பார்த்து, தவறு கண்டு, திருத்தக்கூடியதாய் இருந்தமையே அதன் பெருமை. அதனை எவரும் வரைந்து கொடுக்க முடியாது.

எனினும், பழைமைக்காக அழுதிருப்பதில் பயனில்லை. எம் தந்தையாரின் திறமை வண்டிக்குள் இருக்கவில்லை; அவருடைய கையிலே இருந்தது. அவரும் அதனை ஒருவரிடம் கற்றுக்கொண்டவரே. காபரேற்றரைக் கற்ற கை உணரிகளையும் கற்கும்; பழுதறியும் கருவி நகரத்தில் மட்டுமன்றி முரசுமோட்டைக் கராஜிலும் ஒருநாள் இருக்கும். அதற்கு வேண்டியவர்கள் இப்பொழுது எமது வகுப்புகளிலே அமர்ந்திருக்கின்றார்கள்.

வீட்டிலே பழைய வண்டி வைத்திருக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பிளக்கைக் கழற்றும்போது தனியே கழற்றாதீர்கள். மகனை மட்டுமல்ல, மகளையும் அருகில் இருத்திக்கொள்ளுங்கள். கையில் கரி பட்டால் சவர்க்காரம் இருக்கின்றது. பழகிய அறிவு எக்காலத்தும் கழுவப்பட மாட்டாது.