பாப்பான் மிஸ்ஸி கொடுத்த சாட்சி



'சாட்சி சொல்வது' என்று நம் தோட்டத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் ஒரு பேச்சு உண்டு. ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையை நாலு பேருக்கு எடுத்துச் சொல்வது என்று அர்த்தம். லயத்து வாசலில் நின்று சொல்கிறவர்களும் உண்டு, துண்டுப் பிரசுரம் கொடுத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் வாயைத் திறக்காமல் இருந்தே சாட்சி கொடுத்த ஒரு அம்மா நம் பேராக்கில் இருந்தார். அந்தக் கதை நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது.

அவர் பெயர் சிபில் கார்த்திகேசு. 1899 செப்டம்பர் 3ஆம் தேதி சுமத்ராவின் மேடான் நகரில் பிறந்தவர். யுரேசியக் குடும்பம், பக்தியுள்ள கத்தோலிக்கர். நர்ஸ் வேலையும் மருத்துவச்சி வேலையும் முறையாகப் படித்தவர். தைப்பிங்கில் பிறந்த நம்மவர் டாக்டர் கார்த்திகேசுவை 1919இல் கோலாலம்பூரில் கட்டிக்கொண்டார். 1926 முதல் ஈப்போ புருஸ்டர் ரோட்டில் இரண்டு பேரும் கிளினிக் நடத்தினார்கள். அம்மாவுக்குக் கான்டனீஸ் பாஷை தண்ணீர் பட்ட பாடு. ஈயச் சுரங்கத்துச் சீனர்களுக்கு அவர்மேல் தனிப் பிரியம். 'மிஸ்ஸி' என்றுதான் கூப்பிடுவார்கள். நர்ஸை நாமும் அப்படித்தானே சொல்கிறோம்!

1941 டிசம்பரில் ஜப்பான்காரன் ஈப்போவை நெருங்கினான். குடும்பம் பூசிங் பக்கத்திலுள்ள பாப்பானுக்குக் குடிபோனது. (கதிரியக்கக் கழிவுக் குழி எங்கள் ஊருக்கு வேண்டாம் என்று 1984இல் ஜனங்கள் எதிர்த்து நின்றார்களே, அதே பாப்பான்தான்.) மெயின் ரோட்டில் 74ஆம் எண் கடைவீடு. அங்கேயும் வைத்தியம் நடந்தது.

ஜப்பான் காலத்தைப் பற்றி நம் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அரிசி கிடையாது, மரவள்ளிக் கிழங்குதான் சோறு. காய்ச்சலுக்குக் கொய்னா கிடைப்பது குதிரைக் கொம்பு. நம் ஆண்பிள்ளைகளைச் சயாம் ரயில் பாதை போட லயம் லயமாக ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவே இல்லை. அப்படிப்பட்ட நாளில் ஒரு வீட்டில் கொஞ்சம் மருந்தும் கையில் வைத்தியமும் இருந்தால், கதவைச் சாத்திக்கொண்டு தன் பிள்ளைகுட்டியைப் பார்ப்பதுதான் மனுஷ புத்தி.

இந்த அம்மா கதவைச் சாத்தவில்லை. காட்டிலிருந்து ஜப்பான்காரனோடு சண்டை போட்டவர்கள் குண்டடி பட்டு இராத்திரி நேரத்தில் வருவார்கள். காயத்தைக் கழுவி, கட்டுப் போட்டு, மருந்தும் கொடுத்து அனுப்புவார். மறைத்து வைத்திருந்த ரேடியோவில் லண்டன் செய்தி கேட்டு அதையும் சொல்லி அனுப்புவார். வந்தவர்களில் அநேகர் கம்யூனிஸ்டுகள், கடவுளே இல்லை என்கிறவர்கள். அம்மாவோ ஜெபமாலையை விடாதவர். "நீ சாமி கும்பிடுகிறாயா?" என்று கேட்டு அவர் கட்டுப் போடவில்லை. ஆண்டவர் தனக்குக் கொடுத்தது கைத்தொழில். அதைத் தேவைப்பட்டவனுக்குக் கொடுத்தார். நல்ல சமாரியன் கதையை ஞாயிற்றுக்கிழமை கேட்டுவிட்டுத் திங்கட்கிழமை மறந்துபோகிற கூட்டம் எல்லா மதத்திலும் இருக்கிறது. பாப்பானில் அந்தக் கதை தினந்தோறும் நடந்தது.

1943இல் காட்டிக் கொடுக்கப்பட்டு, குடும்பத்தோடு பிடிபட்டார். கெம்பெய்த்தாய் என்ற ஜப்பான் இராணுவப் போலீஸ் கேட்டதெல்லாம் பெயர்கள்தான். யார் வந்தார்கள், எங்கே இருக்கிறார்கள், சொல்! நகத்தைப் பிடுங்கினார்கள், தண்ணீரை வாயில் ஊற்றி வதைத்தார்கள், முதுகெலும்பு முறியும்படி அடித்தார்கள். அதுவும் போதாதென்று, அவருடைய சின்ன மகளை மரத்தில் கட்டித் தொங்கவிட்டுக் கீழே நெருப்பு மூட்டினார்கள். பெற்ற தாய் எப்படித் தாங்குவாள்? இதை எழுதும்போது எனக்கே கை ஓடவில்லை. அப்போதும் அந்த வாயிலிருந்து ஒரு பெயர் வரவில்லை. குழந்தை உயிர் தப்பியது. அம்மாவைப் பத்துகாஜா சிறையில் போட்டார்கள்.

1945இல் ஜப்பான்காரன் தோற்ற பிறகு, நடக்க முடியாத நிலையில் அவரைச் சிகிச்சைக்கு இங்கிலாந்துக்கு விமானத்தில் அனுப்பினார்கள். அங்கே பிரிட்டிஷ் அரசர் ஜார்ஜ் பதக்கம் கொடுத்தார். பட்ட காயம் ஆறவில்லை. 1948 ஜூன் 12ஆம் தேதி கண்ணை மூடினார். வயது 48.

நாலே நாள் கழித்து, ஜூன் 16ஆம் தேதி, நம் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் பிறந்தது. அந்த அவசரகாலம் நம் தொழிற்சங்கங்களை என்ன பாடு படுத்தியது என்பதை வேறொரு நாள் எழுத வேண்டும். முன்பு அம்மா கட்டுப் போட்டு அனுப்பிய படையைச் சேர்ந்தவர்கள், அவருக்குப் பதக்கம் கொடுத்த அரசாங்கத்தோடு மறுபடியும் காட்டில் சண்டைக்கு நின்றார்கள். இவர்களுக்குப் போய் உயிரைப் பணயம் வைத்தாரே என்று பிறகு முணுமுணுத்தவர்கள் இருந்திருக்கலாம். என்னைக் கேட்டால், காயம் பட்டு வாசலுக்கு வந்தவனிடம் நாளைக்கு நீ என்ன ஆவாய் என்று எந்த மருத்துவச்சியும் கேட்க மாட்டாள்.

ஸ்காட்லாந்தில் புதைத்த உடலை 1949இல் ஈப்போவுக்குக் கொண்டுவந்து, செயின்ட் மைக்கேல் தேவாலயத்தை அடுத்த கத்தோலிக்கக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். அவர் எழுதி வைத்த 'நோ டிராம் ஆஃப் மெர்சி' என்ற இங்கிலீஷ் புத்தகம் 1954இல் வெளிவந்தது. பழைய புருஸ்டர் ரோடு இப்போது ஜாலான் சுல்தான் இட்ரிஸ் ஷா. ஈப்போ ஃபேர் பார்க்கில் ஒரு ரோட்டுக்கு அம்மாவின் பெயரை வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகும்போது, இது யார் என்று பிள்ளைகள் கேட்டால், பாப்பான் மிஸ்ஸி என்று சொல்லுங்கள்.