சினையான இளம்பூனை

பெண் பூனை 4 மாத வயதிலேயே சினைப்படக்கூடும். அப்போது அதன் உடல் வளர்ந்து முடிந்திருக்காது. இடுப்பெலும்பு குறுகலாக இருந்தால் குட்டி வெளியே வராமல் சிக்கிக்கொள்ளலாம். சினைக்காலம் ஏறத்தாழ 63 முதல் 65 நாட்கள். தெருவில் இப்படியொரு பூனை கண்ணில் பட்டால், முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டி எத்தனை வாரம் என்று அறிய வேண்டும். தொடக்க வாரங்களென்றால் கருப்பையை நீக்கும் கருத்தடை அறுவை செய்யலாம். கருவும் அதோடு போய்விடும். மனம் கனக்கும் முடிவுதான். ஆனாலும் தாயின் உயிரைக் காப்பதைக் கொடுமை என்பது நியாயமல்ல. நாள் நெருங்கிவிட்டால் அறுவையில் ஆபத்து கூடும். அப்போது ஆள் நடமாட்டமில்லாத மூலையில் அட்டைப்பெட்டி வைத்து, பழந்துணி விரித்து, குட்டிகளுக்கான சத்துணவைத் தாய்ப்பூனைக்குத் தாராளமாகத் தரலாம். பாலூட்டும் காலத்திலேயே மறுபடி சினைப்படக்கூடும் என்பதால், குட்டிகள் பால்குடி மறந்தவுடன் கருத்தடையை முடித்துவிட வேண்டும்.