மாதம் ஒரு பொருள், படம் பன்னிரண்டு

உழைத்து ஓய்ந்தவருக்கு ஓய்வைப் போல் இனியது வேறில்லை என்பார்கள். உண்மையே. ஆயினும் அவ்வினிமை முதல் மூன்று மாதங்களோடு தீர்ந்து விடுவதை நாம் பலரிடம் கண்டிருக்கிறோம். முப்பது நாற்பது ஆண்டுகள் தொழிற்சாலைச் சங்கொலிக்கு எழுந்த உடல், சங்கு இனித் தன்னை அழைக்கவில்லை என்று அறிந்த பின்னும் அதே நேரத்துக்கு விழித்துக் கொள்கிறது. எழுந்தவர் எங்கே போவது? தேநீர்க் கடைப் பலகையில் அமர்ந்து தெருவைப் பார்ப்பதும், வெயில் ஏறியபின் வீடு திரும்பி மருமகளின் வேலைக்குக் குறுக்கே நிற்பதுமாகப் பொழுது கழிகிறது. பணிக்கொடைத் தொகையை எந்தச் சங்கத்தில் வைப்பீடு செய்யலாம் என்று நம்மைக் கேட்போர் பலர். மிச்சமுள்ள நாட்களை எதில் இடலாம் என்று கேட்டவர் இலர். கேளாத அக்கேள்விக்கு நெல்லியாளத்தில் நாம் கண்ட ஒரு விடையை இங்கே எழுதுகிறோம்.

நீலகிரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில், பந்தலூர் வட்டத்தில் உள்ளது நெல்லியாளம். 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தையொட்டி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மக்களுக்கு வாழ்வளிக்கும் பொருட்டு 1968-இல் அரசு தேயிலைத் திட்டமொன்றைத் தொடங்கிற்று. அதுவே 1976-இல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆயிற்று. அதன் தோட்டங்கள் இவ்வட்டாரத்தில் பரந்து கிடக்கின்றன. காட்டைத் திருத்திக் கன்று நட்ட தலைமுறை இன்று ஓய்ந்திருக்கும் தலைமுறையாகி விட்டது.

அலுவல் நிமித்தம் அங்குச் சென்ற நாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை தேநீர்க் கடையொன்றில் ஐவர் கூடியிருக்கக் கண்டோம். ஒருவர் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருவர் பள்ளி ஆசிரியர். ஒருவர் அஞ்சலகத்தில் இருந்தவர். மற்ற இருவரும் கொழுந்து பறித்தும் கவ்வாத்து வெட்டியும் ஓய்ந்தவர்கள். அவர்களுள் ஒருவர் அம்மையார். மேசை மீது புகைப்படங்கள் பரப்பியிருந்தன. பக்கத்தில் ஒரு பழைய பால்பவுடர் டப்பா. அதனுள் மடித்த சீட்டுகள். சீட்டுக்கு ஒரு சொல். மாதத்தின் முதல் ஞாயிறன்று ஒரு சீட்டை எடுப்பார்கள். வந்த சொல்லே அம்மாதத்தின் பொருள். அப்பொருளைப் பற்றி ஒவ்வொருவரும் பன்னிரண்டு படங்களுக்கு மிகாமல் எடுத்து, அவற்றுள் சிறந்ததொன்றை அச்சிட்டு, அடுத்த முதல் ஞாயிறன்று கொண்டு வர வேண்டும். பரிசு கிடையாது. பிடித்த படத்தின் சொந்தக்காரருக்கு மற்றவர் செலவில் ஒரு தேநீர், அவ்வளவே.

பன்னிரண்டு என்ற கணக்கு ஏன் என்று வினவினோம். டீமேக்கர் தம் இளமையில் பயன்படுத்திய பெட்டிக் காமிராவின் கணக்காம் அது. அந்நாளைய நூற்றிருபதாம் எண் பிலிம் சுருளில் சதுரப் படம் பன்னிரண்டுதான் விழும். நம் மாவட்டத்துக்கும் பிலிமுக்கும் உறவு உண்டு. 1960-இல் உதகையில் நிறுவப்பட்டு, 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் பொதுத்துறை ஆலை, கறுப்பு வெள்ளைப் பிலிமையும் எக்ஸ்ரே பிலிமையும் 'இந்து' என்ற பெயரில் நாடெங்கும் அனுப்பி வந்தது. டிஜிட்டல் முறை வந்து பிலிமை வீழ்த்திய பின் அவ்வாலையும் ஓய்ந்தது. சுருள் போயிற்று, அதனோடு சிக்கனமும் போயிற்று. இன்று கைபேசியில் ஒரே பூவை நூறு முறை எடுக்கலாம். அந்நூறில் ஒன்றையும் மறுமுறை பார்க்க மாட்டோம். எல்லை வைத்துக் கொண்டவரே நின்று பார்க்கிறார்.

பொருள் கொடுத்துப் படைக்கச் சொல்வது நமக்குப் புதிதன்று. ஈற்றடி கொடுத்து வெண்பாப் பாடச் சொன்ன நாடு இது. அந்த ஈற்றடி புலவரைக் கட்டிப் போடவில்லை; பாடத் தூண்டியது. பாவு நீளம் தெரியாமல் தறியில் அமரும் நெசவாளர் உண்டோ? செடி முழுதும் இலையாயிருக்க, இரண்டு இலையும் ஒரு கொழுந்தும் மட்டுமே பறிப்பவர் கண்ணுக்குப் படுவது எதனால்? இன்னதைத் தேடுகிறோம் என்று கண்ணுக்குச் சொல்லி வைத்திருப்பதனால் அன்றோ!

இதற்குப் பெரியோர் வாழ்வும் சான்று. நெல்லியாளத்திலிருந்து கூடலூர் வழியே சென்றால் முதுமலைக் காடு. அக்காட்டு யானைகளை ஆண்டுக் கணக்கில் பின்தொடர்ந்து படமெடுத்தவர் மா. கிருஷ்ணன் (1912-1996). பல காமிராக்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட கருவி ஒன்றையும் அவர் கையாண்டார். எடுத்தவை கறுப்பு வெள்ளைப் படங்கள். பிறர் பென்ஷன் கணக்குப் பார்க்கும் வயதில், 1968-இல், நேரு நினைவு ஆய்வு நிதியுதவி பெற்றுத் தீபகற்ப இந்தியாவின் பாலூட்டி விலங்குகளைக் கணக்கெடுக்கப் புறப்பட்டார். 1950-இல் 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் தொடங்கிய பத்தியை இறுதி வரை எழுதினார்.

காட்டுக்குப் போக இயலாதவர் என் செய்வது? ஹங்கேரியில் 1894-இல் பிறந்து நியூயார்க்கில் வாழ்ந்த ஆந்த்ரே கெர்த்தேஸ் என்னும் புகைப்படக் கலைஞரை நினைப்போம். 1977-இல் அவர் மனைவி காலமானார். எண்பதைக் கடந்த முதியவர் வீட்டுக்குள் ஒடுங்கினார். மனைவியின் சாயலை நினைவூட்டிய கண்ணாடிச் சிலை ஒன்றைச் சாளரத்தில் வைத்து, அதன் மேல் வந்து மாறும் ஒளியைச் சிறியதொரு போலராய்ட் காமிராவில் எடுக்கலானார். அப்படங்கள் 1981-இல் நூலாக வெளிவந்தன. ஒரு சாளரம், ஒரு பொருள். துயரத்தில் ஆழ்ந்தவர் நாள்தோறும் எழுந்து பார்க்க அது போதுமானதாயிற்று.

மீண்டும் நம் ஐவரிடம் வருவோம். 'காத்திருத்தல்' என்று ஒரு மாதம் சீட்டு விழுந்ததாம். ஆசிரியர் பேருந்து நிறுத்தத்தை எடுத்தார். அஞ்சலகத்தார் ரேஷன் கடை வரிசையை எடுத்தார். அம்மையாரோ, லாரி வராத பாதையோரத்தில் வரிசையாகக் கிடந்த கொழுந்து மூட்டைகளை எடுத்திருந்தார். மனிதர் ஒருவரும் இல்லாத அப்படத்தில்தான் காத்திருத்தல் முழுதும் இருந்தது என்று மற்ற நால்வரும் ஒப்புக்கொண்டு தேநீர் வாங்கிக் கொடுத்தனர்.

இனி, தொடங்க விரும்புவோருக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். புதுக் காமிராவுக்காகச் சங்கத்தில் கடன் கேட்க வேண்டா; கையிலுள்ள கைபேசி போதும். எடுக்குமுன் அதன் வில்லையை நைந்த பருத்தி வேட்டித் துணியால் துடையுங்கள். மங்கிய படங்களில் பல விரல் அழுக்கினால் மங்கியவை. மூடுபனியைக் காமிரா தானாக அளந்தால் சாம்பல் நிறமாக்கி விடும். வெளிச்ச அளவைச் சிறிது உயர்த்தினால் பனி வெண்மையாகவே விழும். ஆனி ஆடி மழையில் இம்மலைப் புறத்தில் காமிரா வில்லைகளில் பூஞ்சணம் பிடிக்கும்; காற்றுப் புகாத டப்பாவில் ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வைத்துக் காக்கலாம். பிறரைப் படமெடுக்கையில் அவர் இசைவைக் கேட்பது மரியாதை. பழங்குடி மக்கள் வாழும் இவ்வட்டாரத்தில் இது பெரிதும் பொருந்தும். அவர்கள் காட்சிப் பொருள்கள் அல்லர். விடியுமுன்னும் அந்தி சாய்ந்தபின்னும் தனியே தோட்டப் பாதையில் செல்ல வேண்டா. யானை நடமாடும் நேரம் அது. எந்தப் படமும் உயிருக்கு ஈடாகாது.

அச்சிடுதல் இன்றியமையாதது. ஏன் என்பதை ஒரு நிகழ்ச்சியால் சொல்கிறோம். டப்பாவிலிருந்து 'முதலில் வந்தவர்' என்ற சீட்டு வந்த மாதம் அது. டீமேக்கர், இத்தோட்டத்தில் முதல் கன்று நட்டவர்களுள் ஒருவரைத் தேடிச் சென்றார். தூரம் போக வேண்டியிருக்கவில்லை. அடுத்த லயன் வீட்டிலேயே அவர் இருந்தார். வாயிற்படியில் அமர்ந்து, கவ்வாத்துக் கத்தியை மடியில் வைத்தபடி பெரியவர் படத்துக்கு இசைந்தார். கப்பலேறிய கதையைச் சொல்லி இருவரும் பிற்பகல் முழுதும் பேசியிருந்தனர். முதல் ஞாயிறு வருவதற்கு நான்கு நாள் முன்னதாகப் பெரியவர் காலமானார். வீட்டில் தேடியபோது, கடவுச்சீட்டுக்காக இளமையில் எடுத்த மங்கிய படமும், வாக்காளர் அட்டையிலிருந்த அடையாளம் தெரியாத முகமுமே கிடைத்தன. டீமேக்கர் அச்சிட்டு வைத்திருந்த படத்தைத்தான் மாலையிட்டு வைத்தார்கள். அம்மாதக் கூட்டத்தில் அவர் வெறுங்கையோடு வந்தாராம். மற்ற நால்வரும் ஒன்றும் கேட்கவில்லை.

நம்மிடம் அவர் சொன்னது இது: "நாற்பது வருடம் அடுத்த வீட்டில் இருந்தார். அந்தச் சீட்டு வராமல் இருந்திருந்தால் அவர் வாயிற்படிக்கு நான் போயிருக்க மாட்டேன்."

பொருள் வைத்துப் படமெடுப்பதன் பயன் இச்சொல்லில் அடங்கியிருக்கிறது. ஓய்வு பெற்றவருக்கு நேரம் உண்டு; எழுந்து போவதற்கு ஒரு காரணந்தான் இல்லை. மடித்த சீட்டு அக்காரணத்தைத் தருகிறது. வாழ்நாளெல்லாம் பக்கத்தில் இருந்தும் பாராது விட்டவற்றின் முன் கொண்டு போய் நிறுத்துகிறது.

ஐவர் கூடிச் செய்யும் இதனை நம் சங்கங்களும் செய்யலாம். நெசவாளர் சங்கமாயின் 'நாடா', 'சாயம்', 'அம்மாவின் ராட்டை' என்று பொருள் வைக்கலாம். விளைவிப்போர் சங்கமாயின் 'வரப்பு', 'முதல் மழை', 'எடைத் தட்டு' என்று வைக்கலாம். ஆண்டுதோறும் நவம்பர் 14 முதல் 20 வரை கூட்டுறவு வார விழாக் கொண்டாடுகிறோம். சங்க அலுவலகத்தில் ஒரு சுவரை அவ்வாரத்தில் மூத்த உறுப்பினர்களின் படங்களுக்கு ஒதுக்கினால் ஆணியும் நூலும் தவிர வேறு செலவில்லை. அச்சுவரில் முதலாவதாக, சங்கத்தின் முதல் உறுப்பினர்களுள் இன்றும் நம்மோடு இருப்போரின் முகங்கள் இடம்பெறட்டும். அவர்கள் வீடு தேடி இந்த மாதமே செல்லுங்கள்.