செவிலியின் கைச்சோறு

விந்தணு என்றதும் வாலை அசைத்து விரையும் உருவம்தான் நினைவுக்கு வரும். வால் முளைப்பதற்கு முன்பு அது வெறும் உருண்டை உயிரணு; தன் உணவைத் தானே தேடிக்கொள்ளத் தெரியாத பிள்ளை.

அதற்கு ஊட்டும் உயிரணுவை 1865இல் விவரித்தவர் இத்தாலியரான என்ரிகோ செர்டோலி. அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. செவிலி உயிரணு என்றும் சொல்லலாம். விந்தகத்தின் நுண்குழாய்களுக்குள் ரத்தக் குழாய்கள் நுழைவதில்லை. குழாய்ச் சுவரில் செவிலிகள் தோளோடு தோள் ஒட்டி நின்று மதில் எழுப்புகின்றன. பருவ வயதில்தான் உருவாகத் தொடங்கும் விந்தணுவை உடலின் எதிர்ப்புச் சக்தி அந்நியன் என்று தாக்கிவிடக் கூடாதல்லவா? ஆனால் மதிலுக்குள் இருப்பவர்களுக்குச் சோறு? ரத்தத்தில் வரும் குளுக்கோஸைச் செவிலி வாங்கி, உடைத்து, லாக்டேட்டாக்கிக் கொடுக்கிறது. பல் முளைக்காத குழந்தைக்குப் பருப்புச் சோற்றைக் குழைத்து ஊட்டுவது மாதிரி. குளுக்கோஸை மட்டும் கொடுத்தால் இளம் விந்தணுவுக்குப் போதிய ஆற்றல் கிடைப்பதில்லை. லாக்டேட்தான் அதன் உணவு.

இந்தச் சமையலறைக்கு உடலின் 37 டிகிரி கூட அதிகம். 2 முதல் 4 டிகிரி வரை குறைவாக வேண்டும். அதனால்தான் விந்தகம் உடலுக்கு வெளியே தொங்குகிறது. உள்ளே வரும் தமனியைத் திரும்பிப் போகும் சிரைகள் கொடிபோல் சுற்றிப் படர்ந்து, அதன் சூட்டை வாங்கிக்கொள்கின்றன. டால்பினுக்கு விந்தகம் வயிற்றுக்குள். அங்கே துடுப்பிலும் வாலிலும் கடல்நீர்பட்டுக் குளிர்ந்த ரத்தம் வந்து அந்த வேலையைச் செய்கிறது!

சூடு ஏறினால் என்ன ஆகும்? உயிரணுச் சவ்வில் ஊட்டத்தைக் கடத்தும் புரதங்கள் முதலில் வேகமெடுக்கும். ஊட்டம் கூடுதலாகத்தானே போகும் என்று தோன்றும். ஆனால் உயிரணுவின் செலவும் கூடவே ஏறுகிறது. ரத்தக் குழாய் இல்லாத இடத்தில் ஆக்சிஜன் ஏற்கெனவே சொற்பம். சூடு கடுமையானால் செவிலிகளின் மதிலும் தளர்கிறது. நச்சு ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகி, பாதி வளர்ந்த பிள்ளைகள் மடிகின்றன.

ஒரு விந்தணு உருவாகச் சுமார் இரண்டரை மாதம் ஆகும். ஆகவே, கடுங்காய்ச்சலின் பாதிப்பு வாரங்கள் கழிந்தே விந்துப் பரிசோதனையில் தெரியலாம். எண்ணிக்கை குறைவு என்று காட்டும் பரிசோதனைத் தாளைப் பார்த்துக் கலங்கும் இளைஞர்கள் அந்தக் காய்ச்சலை மருத்துவரிடம் அவசியம் சொல்ல வேண்டும். செவிலிகள் பிழைத்திருந்தால் அடுத்த பந்தி நடக்கும். சில மாதங்கள் கழித்து எடுக்கும் பரிசோதனையில் எண்ணிக்கை பெரும்பாலும் தேறியிருக்கும்.